வெந்நீர் மிஷினின் காற்று

கண்ணை மூடி நின்றிருந்தாள். ரவிக்கையின் மேல் கொக்கி அவிழ்ந்திருந்தது.

கழுத்தில் குளிர்ந்த காற்று.

கத்திரி வெயிலில் வேலூரில் இப்படி ஒரு காற்றைத் தவம் கிடந்தாலும் வாங்க முடியாது. வீட்டின் பின்பக்கம் நிறுத்தியிருந்த வெந்நீர் மிஷின் ஊதியது அது. காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும், குளிரை வெளியே தள்ளிவிடும், கரண்டும் கொஞ்சம்தான் என்று சொல்லிக் கடைக்காரர்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். பிரசவத்துக்கு வந்த மகள் குழந்தையோடு ஊர் திரும்பியதும் அதற்கு வேலை இல்லாமல் போனது.

இவளுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

மாதவிலக்கு நின்றுகொண்டிருக்கும் வயது. திடீரென்று நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை அனல் ஏறும். அழுகையாக வரும். புருஷனிடம் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

டேங்கில் சூடு குறைந்தால்தான் மிஷின் ஓடும். அதனால் இரண்டு டம்ளர் கழுவக்கூட வெந்நீர்க் குழாயைத் திறந்தாள்.

கண்ணைத் திறந்தபோது பின்வாசலில் புருஷன் தட்சிணாமூர்த்தி நின்றார்.

அவசரமாகக் கொக்கியை மாட்டினாள். அவர் உள்ளே திரும்பிப் போனார்.

மார்கழியிலும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிற மனுஷன். வெந்நீர் நோயாளிக்கு என்பார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் தெருக்கோடிவரை கேட்கும்படி கத்துவார். விடிந்ததும் மிஷினை அணைத்துவிடுவார் என்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் குளியலறைக் கதவின் இடுக்கில் ஆவி வந்தது.

அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி வெளியே வந்தார். துடைக்கத் துடைக்க வேர்வை. காய்ச்சலோ என்று பயந்துபோய் நெற்றியைத் தொடப் போனாள்.

"ஒன்னுமில்ல. இனிமே எனக்கு வெந்நீர்தான்."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்பக்கம் மிஷின் உறுமத் தொடங்கியது.

"பின்னாடி மிஷின் பக்கத்துக் கொடில துணி காஞ்சிருக்கும். போய் எடுத்துட்டு வா. மெதுவா வந்தா போதும்."

போனாள்.

கொடியில் ஒரு துணியும் இல்லை. நேற்றுச் சாயங்காலமே எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்தது அவர்தான்.