எரு போட்டது யார்?

தாராவியில் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் கொலை நடந்திருப்பதாக முதலில் சொன்னது, மொட்டைமாடியில் இருந்த ஒரு கத்தரிப் பாத்தி.

சரியாகச் சொன்னால், பாத்தியில் குத்தி வைத்திருந்த சென்சார். விவசாயக் கருவி விற்கும் ஒரு கம்பெனி, விளம்பரத்துக்காக மாடித்தோட்டத்தின் ஒவ்வொரு பாத்தியிலும் ஒன்றைக் குத்திவிட்டுப் போயிருந்தது. மண்ணில் ஈரம் எவ்வளவு, தழைச்சத்து என்கிற நைட்ரஜன் எவ்வளவு என்று குடியிருப்புச் சொசைட்டி செயலாளர் வானமாமலையின் போனுக்கு அது செய்தி அனுப்பும். தன் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று வானமாமலைக்குத் தெரியாது. பாத்திகளின் தழைச்சத்து மட்டும் தலைகீழ்ப் பாடம். போலீசை வரவழைத்ததும் அவர்தான்.

"எல்லாப் பாத்தியும் ஒழுங்கா இருக்கு சார். தண்ணி டாங்கிக்குப் பக்கத்துல இந்த மூணாம் பாத்தியில மட்டும் ஒரு வாரமா தழைச்சத்து ஏறிக்கிட்டே போகுது. யாரும் எரு போடல. எல்லார்ட்டயும் கேட்டுட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் செல்வம் மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவர். செடி என்றால் அவருக்குத் தெரிந்தது துளசியும் மணி பிளான்ட்டும்தான்.

"நேரா விஷயத்தைச் சொல்லுங்க. ஏறினா என்ன?"

"எரு போடாம ஏறுதுன்னா, உள்ள ஏதோ மக்குதுன்னு அர்த்தம்." வானமாமலை குரலைத் தாழ்த்தினார். "பூலோகத்தைக் கண்ணுல பாத்தும் ஒரு வாரம் ஆகுது."

மூன்றாம் பாத்தி, ஐந்தாம் மாடி விஜயராணியின் பொறுப்பு. பூலோகம் அவளுடைய கணவன்.

செல்வம் அவளை மாடிக்கு வரச் சொன்னார். ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். தலையில் பூ இருந்தது. அந்தப் பூவைப் பார்த்ததுமே வானமாமலை மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"ஷீரடிக்குப் பாதயாத்திரை போயிருக்காவ சார். குடிய விட்டதுக்கு நேர்த்திக்கடன். முட்டிக்குத் தைலம் தேய்ச்சு, டின்னு நிறைய முறுக்கு போட்டு நான்தான் அனுப்பி வெச்சேன்."

"போன் பண்ணாரா?"

"பாபாவப் பாக்குற வரைக்கும் போனத் தொடமாட்டேன்னு அணைச்சு வெச்சுட்டாவ."

யாத்திரைக் குழுவின் தலைவருக்கு செல்வம் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார். பின்னால் பஜனைச் சத்தம் கேட்டது.

"பூலோகமா? அவர் எங்ககூட வரவே இல்லையே சார்."

விஜயராணியின் முகம் வெளுத்துப்போனது. மீதியை வானமாமலை எடுத்துக்கொடுத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் இவர்கள் சண்டை கட்டடத்துக்கே கேட்டது. 'ஒருநாள் உங்கள மண்ணுக்குள்ள வெச்சு மூடுதேனா இல்லையா பாருங்க' என்று இவள் கத்தினாள். அவன் போன மறுநாளே மண்வெட்டியோடு மாடிக்கு வந்தாள்.

"பழுத்த தக்காளியும் காணாமப் போகுது. அது காக்கா வேலை. அதைக் கேஸுல சேக்க வேண்டாம்," என்றார் நியாயமாக.

செல்வம் விடாமல் எழுதிக்கொண்டார்.

"கத்தினேன் சார். கத்தாத பொண்டாட்டி எந்த வீட்டுல இருக்கா? மண்வெட்டி கத்தரிக்கு மண் அணைக்கக் கொண்டாந்தது." அவள் செல்வத்தின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "அப்ப அந்த மனுஷன் எங்கன போனாவ? வலிக்கால வெச்சுக்கிட்டு ரயில்ல எங்கயும் அடிபட்டுட்டாவளா?"

உட்கார்ந்து அழத் தொடங்கினாள். நிஜமாகவே அழுதாள். நடிப்பு பக்கா என்று செல்வம் நினைத்துக்கொண்டார். அவளை ஜீப்பில் ஏற்றத் தயாராக இருக்கும்படி பெண் போலீசிடம் சொல்லிவிட்டு, அவளுடைய மண்வெட்டியாலேயே பாத்தியைத் தோண்டச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குக் கைகாட்டினார்.

கத்தரிச் செடி வந்தது. மண் வந்தது. மண்புழு வந்தது. கடைசியில் சிமெண்டுத் தரையும் வந்தது. பூலோகம் மட்டும் வரவில்லை. முழங்கால் ஆழம்கூட இல்லாத பாத்திக்குள் அத்தனை பெரிய ஆள் எப்படி அடங்குவான் என்று செல்வத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒருவேளை துண்டு துண்டா..." என்று வானமாமலை ஆரம்பிக்கும்போது அவருடைய போன் கிணுகிணுத்தது.

எடுத்துப் பார்த்தவருக்கு நாக்குக் குழறியது. "சார், நாலாம் பாத்தி. டாங்கிக்குப் பின்னால. ஈரம் ஏறுது. தழைச்சத்தும் ஏறுது. இப்ப, இந்த நிமிஷம்."

எல்லோரும் டாங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

காவி வேட்டியும் கக்கத்தில் முறுக்கு டின்னுமாக, நாலாம் பாத்தியின் ஓரம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான் பூலோகம். தலையை மட்டும் திருப்பிப் போலீசைப் பார்த்தான். ஆனால் பாதியில் நிறுத்தக்கூடிய வேலை இல்லை அது. முடித்துவிட்டுத்தான் திரும்பினான்.

"வழக்கமா அந்தப் பாத்திதான் சார். இன்னைக்கு என்னமோ அங்க ஒரே கூட்டமா இருந்துச்சு."

"நீ ஷீரடிக்குப் போகலையா?" என்றார் செல்வம்.

"பாதயாத்திரைன்னா லிஃப்டுல இறங்கக்கூடாதுன்னு இவதான் சொன்னா. அஞ்சு மாடி படியிறங்குனதுலயே முட்டி புடிச்சுக்கிச்சு. திரும்பி வீட்டுக்குப் போனா கொன்னே போட்டுருவா. அதான் லிஃப்டுல ஏறி இங்க வந்துட்டேன். யாத்திரைக்காரங்க திரும்புற அன்னைக்கு நானும் இறங்கிரலாம்னு..."

வானமாமலை போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். செல்வம், எழுதியதைக் கிழிக்கப் போனார்.

விஜயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கிழிக்காதீங்க சார், அது அப்படியே இருக்கட்டும். அந்த மண்வெட்டிய மட்டும் இங்கன குடுங்க."