மூன்றாவது ஊதல்

“ஊது, ஊது, ஊது, விடாத!”

ஊதவைக்கிறவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் ஒன்பது வயது மகள் நுரையீரலின் பலத்தை அளக்கும் குழாயைக் கவ்விக்கொண்டு ஊதினாள்.

திரையில் அறுபத்தொரு சதவீதம்.

இரண்டாவது முறை அறுபத்து மூன்று.

போன மாதம் எழுபத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனால் நேரே வார்டுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றி எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பிடித்த சளி நுரையீரலுக்குள் இறங்கிவிட்டதா என்பதை இந்தக் குழாய்தான் சொல்ல வேண்டும். மூன்று முறை ஊதலாம், எது அதிகமோ அதுதான் கணக்கு.

ஊதவைக்கிறவரைப் பிள்ளைகள் ‘ஊது அக்கா’ என்பார்கள். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. எந்நேரமும் முகக்கவசம். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். கதவுவரை வந்து பிள்ளையைக் கூப்பிட்டால் காலா தேய்ந்துவிடும்? வாய் திறந்து இரண்டு வார்த்தை பேச மாட்டார், கத்தல் மட்டும் ஊருக்கே கேட்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணுகிறாள் என்று வீட்டில் எத்தனையோ முறை பொரிந்திருக்கிறேன்.

இன்று மூன்றாவது ஊதலுக்குப் போகாமல் என் பக்கம் திரும்பினார்.

“காலையிலேர்ந்து எத்தன தடவ ஊத வச்சீங்க?”

மழுப்பப் பார்த்தேன். மகள் முந்திக்கொண்டு பத்து விரலையும் விரித்தாள். பிறகு இன்னொரு முறை விரித்தாள்.

உண்மைதான். பரீட்சைக்கு முன் பாடம் ஒப்பிக்க வைப்பது போல, விடிந்ததிலிருந்து வீட்டிலிருக்கும் சின்னக் கருவியில் ஊதவைத்துக்கொண்டே இருந்தேன். எண் கொஞ்சம் ஏறும் என்ற நப்பாசை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். குழந்தையின் மூச்சை நானே செலவழித்துவிட்டு இங்கே கூட்டி வந்திருக்கிறேன்.

அவர் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் சும்மா உட்காரவைத்தார்.

அதற்குப் பிறகும் மகள் குழாயைத் தொட மறுத்தாள். அறுபத்து மூன்று என்றால் வார்டு என்பது அவளுக்கும் தெரியும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஊது அக்கா புதுக் குழாய் ஒன்றைப் பிரித்தார். தானே ஊதிக் காட்டப்போகிறார் போலிருந்தது. எட்டு மாதத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திரையில் நோயாளிகளின் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பெயரைத் தட்டினார். அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையிலும் அதே பெயர்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கவசத்தை இறக்கி, ஊதினார்.

முப்பத்தெட்டு.

எட்டு மாதமாக இந்த எண்களோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். முப்பத்தெட்டு என்றால் பத்தடி நடந்தாலே இளைக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மகள் வாயைப் பிளந்து அவரையே பார்த்தாள்.

“உன் வயசுல எனக்கும் மஜ்ஜை மாத்துனாங்க. அப்புறம் சளி புடிச்சுது. சளிதானேன்னு விட்டுட்டாங்க. ஊதுன்னு கத்த அப்ப ஆளில்ல, கண்ணு.”

எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. இருக்கிற கொஞ்ச மூச்சையும் ஊரார் பிள்ளைகளுக்காகக் கத்திக் கத்தியே கரைக்கிறார். இப்படி ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

மகள் தானாகவே கையை நீட்டிக் குழாயை வாங்கினாள். அவர் கத்தினார். அவள் ஊதினாள்.

எழுபத்தேழு.

மகள் எழுந்து குதித்தாள். மூச்சு வாங்கியது ஊது அக்காவுக்குத்தான்.