வலக் கண்ணுக்கான படம்

விளம்பரத்தைப் பார்த்துப் பழைய ஸ்டீரியோ கேமராவை வாங்க வந்தவன் பிரிந்துபோன கணவன் அறவாழிதான் என்று தெரிந்ததும், மாதங்கி பாதி திறந்த கதவை அப்படியே பிடித்துக்கொண்டாள். “ஊர்ல வேற கேமராவே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள். “இதை எதுக்கு விக்கிற?” என்றான் அவன். “பாதிப் படத்தை வச்சுக்கிட்டு முழு கேமரா எதுக்கு?” அந்தக் கேமராவுக்கு இரண்டு லென்ஸ். ஒரே காட்சியை அகலமான ஃபிலிமில் இடக் கண்ணுக்கு ஒன்று, வலக் கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படங்களாக எடுக்கும். இரண்டையும் பார்வைப் பெட்டியில் செருகிப் பார்த்தால் படத்தில் இருப்பவர் எதிரே எழுந்து நிற்பார். மகள் இறந்து, இவர்களும் பிரிந்தபோது, யாருக்கும் குறை வேண்டாமென்று இடப் படங்களை அவனும் வலப் படங்களை அவளும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீடுகளிலும் குழந்தை தட்டையாகத்தான் இருந்தாள். “பெட்டி வேலை செய்யுதான்னு பார்த்துட்டு ரெண்டையும் வாங்கிக்கிறேன்” என்று அறவாழி உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து மகளின் இடப் படம் ஒன்றை எடுத்து நீட்டினான். மாதங்கி அறைக்குள் போய் அதன் ஜோடியையும் பார்வைப் பெட்டியையும் தேடி எடுத்துவந்து, இரண்டு படங்களையும் செருகினாள். “நீயே முதல்ல பாரு” என்றான். ஜன்னலோரம் நின்ற அவன் பக்கமாக, வெளிச்சத்துக்குத் திரும்பி, அவள் கண்களைப் பெட்டியில் பதித்தாள். “பல்லு விழுந்த இடம்கூடத் தெரியுதுங்க.” ஒரு கையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, எதிரே வெறுங்காற்றில், குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை மெல்ல ஒதுக்கினாள். அந்தக் கை தன்மேல் பட்டுவிடக் கூடாதென்று அறவாழி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.