இருபத்தாறு ஜன்னல்கள்

"ஒரே ஒரு தடவை, மேடம். ஒரு வாரம் போதும். மாட்டி வெச்சுட்டு நானே திருப்பிக் கொண்டுவந்து அடுக்கிடறேன்."

ஓவியக்காரி இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். கண்காட்சிக்குப் படங்களை இரவல் கேட்கும் படிவம் அவள் கையில் இருந்தது.

கலைக்கூடத்தின் அடித்தளக் கிடங்கில் இருவரும் நின்றிருந்தார்கள். படங்கள் கெடக் கூடாது என்று எந்நேரமும் குளிரூட்டிய அறை. சுவரோரம் இருபத்தாறு மரப்பெட்டிகள். அத்தனையும் ஓவியக்காரி வரைந்தவை. ஒன்றைக்கூட ஊர் பார்த்ததில்லை.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அறுபத்திரண்டு வயதுக்கு அந்தக் குளிர் எலும்பு வரை போனது.

பத்திரிகைகள் அவளைக் 'கலைத்தாய்' என்று எழுதும். அப்பா விட்டுப்போன ஆலைகளின் பணத்தில் நாடக அரங்கு, இசைப்பள்ளி, இந்தக் கலைக்கூடம் என்று வரிசையாக அவள் பெயரில் கட்டடங்கள் நின்றன. அறக்கட்டளைக்குத் தலைவர் தம்பி. எந்த மேடையில் எத்தனை நிமிடம் பேச வேண்டும், யாருக்கு விருது, எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவன் பொறுப்பு. இன்றைக்கு இங்கே அரை மணி நேரம். வாசலில் கார் நின்றது.

இந்த இருபத்தாறு படங்கள் மட்டும்தான் அவளே தேர்ந்தெடுத்து, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கியவை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஓவியக்காரியின் முதல் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போனாள். முதல் படத்தின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. கதவு திறப்பதற்குள் ஒன்பது படங்களையும் விலை பேசிக் கழற்றச் சொல்லிவிட்டாள். புதியவருக்குக் கைகொடுத்த கலைத்தாய் என்று மறுநாள் ஊரே மெச்சியது.

அப்புறம் மாதாமாதம் உதவித்தொகை. நல்ல வெளிச்சமுள்ள ஒரு பட்டறை. இனி வரைவதெல்லாம் அவளுக்கே என்று ஓர் ஒப்பந்தம்.

ஓவியக்காரிக்கு முதலில் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது போலிருந்தது. நான்கைந்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

"நான் வரையறேன், நீங்க வாங்கறீங்க, பெட்டிக்குள்ள போயிடுது. நான் இருக்கேனா செத்தேனான்னே யாருக்கும் தெரியாது, மேடம்."

வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும், ஈரம் ஆகாது, காப்பீட்டுக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். காரணங்கள் எப்போதும் போல நாக்கு நுனியில் தயாராக இருந்தன. வாயைத் திறப்பதற்குள் ஓவியக்காரி ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டாள்.

எல்லாப் பெட்டியிலும் இருப்பதுதான் அதிலும் இருந்தது. ஒரு மாடி ஜன்னல். கம்பி. கம்பிக்குப் பின்னால் பதினெட்டு வயசு மதிக்கத்தக்க பெண். முகம் இருட்டில் சரியாகத் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

கலைத்தாய் படத்தைப் பார்க்கவில்லை. மூடியிலிருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உங்க பழைய வீடுன்னு எனக்குத் தெரியும், மேடம். ஏழெட்டு வயசுல அந்தத் தெரு வழியாத்தான் பள்ளிக்கூடம் போவேன். ரெண்டு வருஷம் தெனமும் இந்தப் பொண்ணு இங்க நிப்பா. கைய ஆட்டுவா. டாட்டா காட்டறான்னு நெனச்சு நானும் காட்டுவேன். வளந்தப்புறம்தான் மண்டையில ஏறிச்சு, அவ உதவிக்குக் கூப்பிட்டிருக்கா. நான் பாட்டுக்கு டாட்டா காட்டிட்டுப் போயிருக்கேன்."

ஓவியக்காரி மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"உங்ககிட்டயே கேட்டிருப்பேன். ஆனா அந்த ரெண்டு வருஷமும் நீங்க வெளிநாட்டுல படிச்சிட்டிருந்தீங்கன்னு அறக்கட்டளை வெள்ளிவிழா மலர்ல போட்டிருந்தது. அதான் போன வாரம் உங்க தம்பிகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வீட்டு வேலைக்கு இருந்த பொண்ணாம். புத்தி சரியில்லையாம். அதான் பூட்டி வெச்சிருந்தாங்களாம். செத்து ரொம்ப வருஷமாச்சாம்."

குளிரூட்டும் இயந்திரம் உறுமிவிட்டு ஓய்ந்தது.

அப்பா பேச்சை மீறியவர்களுக்கென்று அந்த வீட்டில் ஓர் அறை இருந்தது. அதற்குள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது, அப்போது பன்னிரண்டு வயதாயிருந்த தம்பியின் வேலை.

"அந்த ஃபாரத்தைக் குடுங்க," என்றாள் கலைத்தாய். "பேனா இருக்கா?"

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. அரை மணி முடிந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை. பெட்டி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து இருபத்தாறு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுபடி அதிர்ந்தது. 'திருப்பித் தரும் தேதி' என்ற கட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தாள்.

ஓவியக்காரி காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று பயந்தவள் போல வேகமாகக் கதவுப் பக்கம் போனாள்.

"கொஞ்சம் நில்லு."

திரும்பினாள்.

"ஒருநாள் செம மழை. உன் ஒரு கால்லதான் செருப்பு இருந்துது. இன்னொன்னு வாரறுந்து கையில. எப்பவும் போல கையத் தூக்கின. செருப்பையும் சேத்து ஆட்டின."

ஓவியக்காரி அதை எந்தப் படத்திலும் வரைந்ததில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

"அந்த ரெண்டு வருஷத்துல நான் சிரிச்சது அன்னைக்கு மட்டும்தான்."