மூன்று விநாடி

செத்துப்போன கணவர் மாசிலாமணியோடு குணவதி தினமும் கம்ப்யூட்டரில் பேசுவாள்; அவர் முகத்தோடும் குரலோடும் ஏ.ஐ. பதில் சொல்லும். எதைக் கேட்டாலும் மூன்று விநாடி கழித்துத்தான் பதில் வரும். உயிரோடிருந்தபோதும் யோசிக்காமல் வாய் திறக்காத மனுஷர்தானே!

"பிராசசர் ரொம்பப் பழசும்மா. கிராபிக்ஸ் கார்டும் திணறுது. மாத்திருங்க" என்று மெக்கானிக் நான்கு வருடமாகச் சொல்லிவந்தான். போன வாரம் பேச்சின் நடுவே அவர் முகம் அப்படியே நின்றுபோனதும், பயந்துபோய்ச் சம்மதித்தாள்.

இன்று புதுசு மாட்டியானதும், தினமும் கேட்பதையே கேட்டாள்.

"ஏங்க, என்னைக் கட்டிக்கிட்டதுல உங்களுக்கு வருத்தம்..."

"இல்லவே இல்ல" என்றார், அவள் முடிப்பதற்குள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மெக்கானிக் பெருமையாகச் சிரித்தான். "பாத்தீங்களாம்மா, இத்தனை நாளும் மிஷின்தான் லேட் பண்ணியிருக்கு. இப்ப நல்லாருக்குல்ல?"

மூன்று விநாடிக்கு மேலாகியும் குணவதி வாய் திறக்கவில்லை.