விரலை மட்டும் கேட்ட மெஷின்

அடுப்புக்கு மேலே ஒரு கம்பியில் புகை போட்ட கறி தொங்கியது. எதிர் அலமாரியில் சுகர் பார்க்கும் மெஷின் இருந்தது. வாசலில் ஒரு ஜோடி தோல் செருப்பு. மூன்றும் ஞானசிகாமணியின் சாமான்கள்.

சுகர் வந்த நாளிலிருந்து அவர் சோற்றைக் குறைத்து, கறியைக் கூட்டினார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தி மெஷினிடம் நீட்டுவார். அது நூற்றுப் பதினாறு என்று காட்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிய துண்டாக அறுத்துக்கொள்வார்.

"எங்கிட்ட இனிப்பு துளிகூடக் கிடையாது," என்று கறி பெருமையடித்தது.

"நான் சாட்சி," என்றது மெஷின்.

"உப்பு?" என்று வாசலிலிருந்து செருப்பு கேட்டது.

"பத்து நாள் உப்புல ஊறித்தான் புகைக்கே வந்தேன். அதை யாரு கேட்டா?"

"அவரு காலு வீங்குது. போன வாரம் சரியா இருந்த வாரை இன்னிக்கு மாட்டவே முடியல. மெஷினே, நீயாவது சொல்லக் கூடாதா?"

"எங்கிட்ட விரலைத்தானே நீட்டறாரு," என்றது மெஷின். "காலை நீட்டலையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணிக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியோடு வாசலுக்குத் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். செருப்பை யாரும் எடுக்கவில்லை.

"காலையிலகூட நூற்றுப் பதினாறுதான்," என்று மெஷின் சொல்லிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. அடுப்புப் புகை நின்றுபோன கறியில் மெல்லப் பூஞ்சை பூத்தது.