நடுங்கும்போது வா

“காய்ச்சல் அடிக்கும்போது ரத்தம் எடுத்தாத்தான் சோதனை சரியா இருக்கும். உனக்கு இப்பக் காய்ச்சலே இல்லை. போயிட்டு, நடுங்கும்போது வா,” என்றார் போடி ஊர் டாக்டர்.

“குரங்கணி மலையிலருந்து நடுங்கிக்கிட்டேதான் வந்தேன் ஐயா. உங்க வாசல்ல காத்துக்கிடந்தே காய்ச்சல் விட்டுப்போச்சு. மாத்திரையக் குடுங்க, இல்லேன்னா ஏலக்காட்டுச் சோலி போயிரும்,” என்றாள் முத்துப்பேச்சி.

“சோதிக்காம, குறி சொல்லி மாத்திரை குடுக்க நான் என்ன கோடாங்கியா?”

மறுவாரமும் நடுங்கியபடி வந்தாள். கம்பவுண்டர் கைநிறைய மாத்திரையோடு உள்ளறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

“யாருக்குண்ணே?”

“டாக்டருக்குத்தான். உனக்கு அடிக்கிற அதே மலைக்காய்ச்சல்.”

“ரத்தம் சோதிச்சாச்சா?”

“எதுக்கு? நடுங்குறதப் பாத்தாலே தெரியுதே!”

“அப்ப என்னையும் நல்லாப் பாத்துக்கங்க.”

முத்துப்பேச்சி அவர் கையிலிருந்து பாதி மாத்திரையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“மிச்சத்த அவருக்குக் குடுங்கண்ணே. பாவம், நடுங்குறாருல்ல!”